அளவுக்கு வைத்த இறால்

அந்த இறால்குஞ்சு பொரிப்பகத்தில் முதலாளிக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. ஜட்ஜம்மாவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஜட்ஜம்மா என்பது ஓர் இறால். ஆய்வறை ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் தனியாக, ராஜபோகமாக இருந்தது. வேளாவேளைக்குத் தீனி, ஓயாமல் குமிழ் விடும் காற்றுக்குழாய், வாரம் ஒரு முறை தொட்டி கழுவல். இத்தனை உபசாரத்துக்கும் அது செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். சோதனை நாளன்று காலிடுக்கில் ஊசி குத்தும்போது ஒரு சொட்டு ரத்தம் தரவேண்டும்.

எதற்கு ரத்தம் என்றால், சாதாரண இறாலின் உயிரணுவில் குரோமோசோம் இரண்டு செட் இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. முட்டை விட்ட கொஞ்ச நேரத்தில், சரியான நிமிடம் பார்த்துக் குளிர்ந்த நீரில் முக்கினால், முட்டை வெளியே தள்ளவேண்டிய இன்னொரு செட்டைத் தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும். பிறப்பது மூன்று செட் இறால். அது தின்னும், வளரும், கொழுக்கும், ஆனால் வம்சம் வளர்க்காது. முதலாளிக்கு வேண்டியது அதுதான். அவர் பல வருஷம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த நல்ல இனத்தை ஒரு தடவை வாங்கிப்போனவன், தானே குஞ்சு பொரித்து ஊரெல்லாம் விற்றால் அவர் வாயில் மண்தானே விழும்.

ஆனால் இரண்டும் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உற்று உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளலாமே தவிர வேறு பயனில்லை. ரத்தத்துக்குச் சாயம் ஏற்றி மிஷினில் ஓட்டவேண்டும். முதலில் ஜட்ஜம்மாவின் ரத்தம். அது சாதாரண இறால், அதாவது இரண்டு செட். திரையில் அதற்கு ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டை நகர்த்தி நூறு என்ற கோட்டில் நிறுத்திவிட்டு மற்றவற்றை ஓட்டினால், நூறில் விழுந்தது 'ரெண்டு', நூற்றைம்பதில் விழுந்தது 'மூணு'. பொரிப்பகத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு தொட்டிக் குஞ்சுகள் விலைக்குப் போவதா குப்பைக்குப் போவதா என்பது அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் இருந்ததால்தான் அதற்கு அந்தப் பட்டம்.

மிஷினை ஓட்டியவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மோட்டார்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட உண்மையில் உரிமையுள்ளவன் இருட்டறையில் வேலை பார்த்தான். கூடப் பிறந்த தம்பி. நாலு இடத்தில் சேர்ந்து நாலு இடத்திலும் நிலைக்காமல் திரிந்தவனை, "என் தம்பி, நான் பொறுப்பு" என்று சொல்லி முதலாளியிடம் சேர்த்துவிட்டவள் அவள்தான். எங்கும் ஒட்டாதவன் இங்கே ஒட்டிக்கொண்டான். இறாலோடு அவனுக்கு எப்படியோ ஒத்துப்போனது.

இருட்டறையில் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். இறால் இருட்டில்தான் முட்டை விடும், மனிதர்களுக்கோ பகலில்தான் வேலைநேரம். அதனால் விளக்குகளை மாற்றிப்போட்டு இறாலை ஏமாற்றினார்கள். சீக்கிரம் சினை பிடிப்பதற்காக ஒரு கண்ணை வெட்டிவிட்ட தாய் இறால்கள், வட்டத் தொட்டியில் சுற்றிச் சுற்றி வரும். சிவப்பு டார்ச்சைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு தம்பி குந்தியிருப்பான். ஒரு தாய் அடியிலிருந்து எழும்பி நீந்தியபடியே முட்டையைப் புகைபோலப் பின்னால் விடும்போது கடிகாரத்தை அமுக்குவான். எட்டாவது நிமிடம் முட்டைகளைச் சல்லடையில் வடித்துக் குளிர்நீரில் முக்குவான். முந்தினாலும் வேலைக்காகாது, பிந்தினாலும் வேலைக்காகாது.

ஆரம்பத்தில் பத்துக்கு மூன்று, நான்கு மூணாக வந்தது. அப்புறம் பத்துக்கு ஏழு. முதலாளிக்கு அது போதவில்லை. ஒரு தொட்டியில் நாலு ரெண்டு இருந்தாலும் வாங்குகிறவன் அதை வைத்து வம்சம் பெருக்கிக்கொள்வான். "எனக்கு மொத்தமும் மூணா வேணும். இந்தத் தடவையும் கலப்பு வந்தா அந்த ரூமையே இழுத்து மூடிடுவேன். அப்புறம் உங்க தம்பிக்கு இங்க என்ன வேலை?" என்று அக்காவிடம் பட்டென்று சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்குப் போய்த் தம்பியை உட்காரவைத்துச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"இந்த தடவ பாருக்கா. கையில பதம் வந்திருச்சு."

அந்தத் தடவை பொரித்த குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்தன. சோதனை நாளுக்குச் சற்று முன்புதான் பழைய ஜட்ஜம்மா ஓடு கழற்றும்போது செத்துப்போனது. புதிய ஜட்ஜம்மா வேண்டும். சாதாரண இறால்கள் கிடந்த தொட்டியில் வலையை விட்டு, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை அக்கா பிடித்துவந்தாள். பெரிய உடம்பென்றால் ரத்தம் எடுக்க லேசு, குத்தின ஊசியில் செத்துப்போகாது. புதிதாக ஒன்றை அளவுக்கு வைக்கும்போது, அதே தொட்டியிலிருந்து இன்னும் இரண்டைக் குத்தி மூன்றும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் அந்த இரண்டைப் பிடித்து வாளியில் போட்டு வைத்திருந்தாள்.

அதற்குள் முதலாளி, வாங்கப்போகிறவர்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்பே. "இவங்கதான் நம்ம மேடம். இவங்க ஒரு ரீடிங் சொன்னா மறுபேச்சு கிடையாது" என்று அறிமுகம் செய்தார். மறுபேச்சு கிடையாது என்று சொன்ன வாய் மூடுவதற்குள், தன் அளவையே தான் சந்தேகப்படுகிறவள் மாதிரி இன்னும் இரண்டைக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவை வேறு வேறு இடத்தில் விழுந்ததுண்டா? வாளியைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

ஜட்ஜம்மாவின் மேடு எழும்பியது. நூறில் நிறுத்தினாள். தம்பியின் குஞ்சுகளில் முதலாவதை ஓட்டினாள். நூறு. இரண்டாவது, நூறு. பத்து ஓட்டினாள், இருபது ஓட்டினாள். ஒன்றுகூட நூறைவிட்டு அந்தப்பக்கம் போகவில்லை. வந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். தம்பி கதவருகே ஈரக் கையோடு நின்றிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மொத்தமும் ரெண்டு," என்றாள் அக்கா.

"போன தடவ பத்துக்கு ஏழு வந்துச்சே. இப்ப ஒண்ணுகூட இல்லன்னா எப்படி மேடம்?" முதலாளியின் குரல் விருந்தாளிகளுக்காக அடங்கியிருந்தது. "ஒண்ணு உங்க மிஷின் தப்பு. இல்ல உங்க தம்பி கை தப்பு. எது?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மேஜைக்கு அடியில் வாளி இருந்தது. குனிந்து எடுத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும். அவள் குனியவில்லை. "என் ரீடிங் தப்பாகாது சார்," என்றாள்.

அதைக் கேட்டதும் தம்பி தொண்டையைக் கனைத்தான். "நான்தான் சார். முட்டை விட்ட நேரத்துல வீட்லேருந்து போன் வந்துச்சு. எடுத்துப் பேசினேன். லேட்டா முக்கிட்டேன்."

அவ்வளவுதான். முதலாளி அவனை அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வாய்க்கு வந்தபடி பேசினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். குஞ்சுகளை வைத்துக்கொள்ளத் தொட்டி இல்லை, ரெண்டு என்பதால் வெளியே விற்கவும் வழியில்லை. பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அழிக்கச் சொன்னார். அதையும் அவன் கையாலேயே செய்துவிட்டுப் போகச் சொன்னார். அவன் செய்தான். குஞ்சுகள் கொஞ்ச நேரம் நீருக்கு மேலே துள்ளின. அப்புறம் துள்ளவில்லை.

அக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ல அப்படி என்னடா கொஞ்சல்? உன் பொண்டாட்டிகிட்ட சாயங்காலம் வீட்ல போய் பேசினா ஆகாதா? உன்ன நம்பி என் பேர அடகு வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும். இனிமே அக்கான்னு என் வாசப்படி மிதிக்காத."

அவன் சைக்கிளின் பூட்டைத் திறக்க முடியாமல் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவன் ஐஸ் ஃபேக்டரியில் கட்டி தூக்கப் போனதாகக் கேள்விப்பட்டாள். தம்பி மனைவி கடைத்தெருவில் எதிரே வந்தபோது, அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். நல்ல கூத்து, போனில் கூப்பிட்டுக் கெடுத்தவளுக்குக் கோபத்தைப் பார் என்று அக்கா உள்ளுக்குள் பொருமினாள். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற நினைப்பு சோற்றைச் செரிக்க வைக்கும். அவளுக்கு அந்த நாட்களில் நன்றாகவே செரித்தது.

வெளியிலிருந்து புதிதாகத் தாய் இறால்கள் வாங்கி வந்தார்கள். வேறு இடத்துச் சரக்கு, மூணு செய்யும் வித்தை தெரியாத ஊர்ச் சரக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றின் ரத்தத்தையும் ஓட்டினாள். ஜட்ஜம்மாவை நூறில் நிறுத்திவிட்டு முதல் தாயை ஓட்டினால், மேடு நூறுக்கு இந்தப் பக்கம் போய் விழுந்தது. அறுபத்தேழு. அப்படி ஓர் இடமே கிடையாது. ரெண்டுக்கும் கீழே உயிரோடு இறால் ஏது? சாயம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கலக்கினாள். அறுபத்தேழு. குழாயைக் கழுவினாள், மிஷினை அணைத்துப் போட்டாள். அடுத்த தாயும் அறுபத்தேழு, அதற்கு அடுத்ததும் அதே அறுபத்தேழு.

அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. அவை எல்லாம் ரெண்டுதான். சரியாகத்தான் விழுகின்றன. ஜட்ஜம்மாதான் மூணு. மூணை நூறென்று நிறுத்தினால் ரெண்டு அறுபத்தேழில்தான் விழும். முந்தைய சோதனையில் தேறிய மூணுகள் கிடந்த தொட்டி, சாதாரண இறால் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டி. மேலே போட்ட வலை ஓரத்தில் கிழிந்திருந்தது. இறால் துள்ளும், அது அதன் பிறவிக் குணம். ஒன்று துள்ளி இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. கொழுத்த உடம்பாகப் பார்த்து அவள் அதையே பிடித்து வந்திருக்கிறாள்.

சோதித்த ஒவ்வொரு குஞ்சின் வால் நுனியையும் உறைபெட்டியில் போட்டு வைப்பது வழக்கம்; ரத்தம் இல்லாவிட்டால் அந்தச் சதையை அரைத்தும் ஓட்டலாம். தம்பியின் தொட்டியிலிருந்து எடுத்தவையும் இருந்தன. நிஜமான ரெண்டு ஒன்றை, இந்த முறை மூன்று தடவை சரிபார்த்து, அளவுக்கு வைத்துவிட்டு அவற்றை ஓட்டினாள். நூற்றைம்பது. நூற்றைம்பது. ஒன்றுவிடாமல் நூற்றைம்பது. முதலாளி தவம் கிடந்த அந்த மொத்தமும் மூணு, தம்பி கையில் அன்றைக்கே வந்துவிட்டது. வந்ததுதான் வினையாயிற்று. அதில் ஒன்றிரண்டு ரெண்டு கலந்திருந்தால் அன்றே அறுபத்தேழில் விழுந்து அவள் தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கும். அரைகுறையாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பான். அவன் துளி பிசகில்லாமல் செய்தான், அதனால் கெட்டான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு நேரே முதலாளியிடம் போனாள். போன வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த மட்டுக்கும் அவள் நேர்மையானவள்தான். முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"தெரிய வேணாம். இதுவரைக்கும் வெளிய போன சரக்கெல்லாம் உங்க ரீடிங்க நம்பித்தான் போயிருக்கு. ஒரு தடவ தப்புன்னா எல்லாத் தடவையும் தப்பான்னு கேப்பான். அப்புறம் நீங்களும் இல்ல, நானும் இல்ல, இந்தப் பொரிப்பகமும் இல்ல." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "உங்க தம்பிய வரச் சொல்லுங்க. பாவம், பழசயெல்லாம் மறந்து மன்னிச்சு எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. வேல தெரிஞ்ச பையன், எனக்கும் வேணும். ஆனா போன் கதை போன் கதையாவே இருக்கட்டும்."

"செய்யாத தப்புக்கு மன்னிப்பா சார்?"

"அவனேதான ஒத்துக்கிட்டான்? நானா அவன் வாய்ல திணிச்சேன்?"

வேலை திரும்பக் கிடைக்கிறதே, அதுதானே அவனுக்கு முக்கியம் என்று படியிறங்கும்போதே மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்து, உன் கையால் உன் குஞ்சுகளையே அநியாயமாகக் கொல்லவைத்தேன் என்று சொல்லவேண்டியதில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி கேவலமானது என்று அவளுக்கே தெரிந்தது.

தம்பி வீட்டில் அவளைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். ஐஸ் தூக்கி அவன் உள்ளங்கை தோல் உரிந்து கிடந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள். முதலாளி சொல்லச் சொன்னபடியே சொன்னாள்.

"நீ பேசித்தானேக்கா? நீ பேசாம அந்த மனுஷன் மனசு எறங்குமா?" அவன் கண் கலங்கிவிட்டது. மனைவியைப் பார்த்து, "நான் சொல்லல? எங்கக்கா வாய்தான் அப்படி, மனசு தங்கம்னு?" என்றான்.

"மன்னிச்சுக்கங்க அண்ணி. அன்னிக்குக் கடைத்தெருவுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்," என்றாள் அவன் மனைவி.

அக்காவுக்குத் தரையைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. "டேய், அன்னிக்கு நிஜமாவே லேட்டாத்தான் முக்கினியா?"

அவன் யோசித்தான். "போன் வந்தது நிஜம்க்கா. முக்குறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு அப்ப சரியா ஞாபகம் இல்ல. ஆனா நீ அவ்வளவு உறுதியா சொன்னதும், முன்னாடிதான் வந்திருக்கணும்னு தோணிருச்சு. இப்பல்லாம் நல்லாவே ஞாபகம் வருது. பேசிக்கிட்டே முட்டையப் பாத்துக்கிட்டிருந்தேன்."

சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அவன் திரும்பி வந்த பிறகு முதல் தடவை முட்டை எடுக்கும்போது முதலாளியே இருட்டறைக்குள் வந்து சுவரோரம் நின்றார். அக்காவும் நின்றாள். தாய் எழும்பியது, முட்டையை விட்டது, தம்பி கடிகாரத்தை அமுக்கினான். முன்பெல்லாம் அந்தச் சில நிமிடங்கள் தாயிடம் ஏதாவது கேலி பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்போது சிவப்பு வெளிச்சத்தில் கடிகாரத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி நேரம்கூட ஆகவில்லை, சல்லடையைக் கையில் எடுத்துவிட்டான்.

"இன்னும் நேரம் இருக்குடா," என்றாள் அக்கா மெதுவாக.

"வேணாம்க்கா. அன்னிக்கும் இப்படித்தான், நேரம் இருக்கு நேரம் இருக்குன்னு இருந்துட்டேன்."

நீ அன்றைக்குச் சரியாகத்தான் முக்கினாய் என்று சொன்னால் அவன் கை நின்றிருக்கும். வேறு எதைச் சொன்னாலும் நிற்காது. முதலாளி இருட்டில் இருமினார். தம்பி முட்டைகளைக் குளிர்நீரில் முக்கினான்.

பொரித்தது கொஞ்சம். அவை வளர்ந்து சோதனைக்கு வந்த நாளில் அக்கா ஒன்றல்ல, ஐந்து இறாலைக் குத்தி அளவைச் சரிபார்த்தாள். பிறகு தம்பியின் குஞ்சுகளை ஓட்டினாள். நூறு. நூறு. அளவை மாற்றி வைத்து மறுபடி ஓட்டினாள். தப்பு தன்னுடையதாக இருந்துவிடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டாள். சாயத்தைக் கொட்டிவிட்டு வேறு கலக்கினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எல்லாம் நூறிலேயே விழுந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார். அவருக்கே இப்போது பார்க்கத் தெரிந்திருந்தது. வெளியே போய்விட்டார். தம்பி திரையைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆய்வறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"மறுபடியும் நான்தானாக்கா?" என்றான்.

அவன் கேட்டதற்கு நேரான பதில் ஒன்று அவளிடம் இருந்தது. முன்னால் நடந்ததைச் சொல்லாமலேயே, பொய்யும் இல்லாமலேயே, அதைச் சொல்லிவிட முடியும்.

"ஆமாடா," என்றாள் அக்கா. "நீதான்."